பட்டு தொடாத எம்.எல்.ஏ.

தோற்றுப்போன எம்.எல்.ஏ.வுக்குப் பாராட்டு விழா எடுத்த தெருவை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஜெயித்தவனுக்கு மாலை போட ஊரே முண்டியடிக்கும். தோற்றவன் வாசலில் காக்கா கூட உட்காராது. உலகம் அப்படித்தான். ஆனால் எழுபத்தேழாம் வருஷம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு அந்தக் காரியத்தைச் செய்தது. முன்னால் நின்று செய்ய வைத்தவன் காசிநாதன் என்கிற பட்டு நெசவாளி. அதிலும் வேடிக்கை, பத்து வருஷத்துக்கு முன்னால் அதே மனிதரைப் பற்றி, “என் வாசலை மிதிச்சா காலை ஒடிச்சுடுவேன்” என்று தெருவே கேட்கக் கத்தியவனும் இதே காசிநாதன்தான்.

அந்த மனிதரின் பெயர் மல்லிநாதன். ஊர் திருப்பருத்திக்குன்றம், சைக்கிளை நாலு மிதி மிதித்தால் வந்துவிடும். சமண விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பங்களில் பெரியவர்களை நயினார் என்பார்கள். அதனால் ஊருக்கு அவர் நயினார். நெல் விளைந்தால் சோறு, விளையாவிட்டால் கேழ்வரகு என்று இருந்த மனிதர். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் ஏரி மதகு உடைந்தது. அதிகாரி வரட்டும் என்று காத்திருக்காமல், ஊராரைக் கூட்டிக்கொண்டு தானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மண் மூட்டை அடுக்கினார். அந்த ஒரு காரியம் அவரை அறுபத்தேழு தேர்தலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. தொகுதியில் அவர் ஜனம் என்று எண்ணினால் ஒரு பஸ் கூட நிரம்பாது. இவனெல்லாம் ஜெயிப்பானா என்றார்கள். ஜெயித்தார்.

அவருக்காகத் தொண்டை கட்டக் கத்தி ஓட்டுக் கேட்டவர்களில் காசிநாதனும் ஒருவன். முன்கோபி. நல்லது என்று பட்டால் உயிரைக் கொடுப்பான். கெட்டது என்று பட்டால் உயிரை எடுப்பான். ஜெயித்த சேதி வந்ததும் சும்மா இருப்பானா? அரக்கு நிறப் பட்டில், கையகலச் சரிகைக் கரை போட்டு, ஒரு அங்கவஸ்திரம் நெய்தான். அவன் பெண்டாட்டி லோகாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை போட்டாள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போகிற அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

தெருமுனையில் மேடை. ஜே ஜே என்று கூட்டம். காசிநாதன் அங்கவஸ்திரத்தை விரித்துக்கொண்டு நயினாரின் தோளை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். நயினார் ஓர் அடி பின்னால் போய்விட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சுக்கணும்பா. நான் பட்டு உடுத்தறதில்ல. ஒரு விரதம்.”

நீட்டிய கை நீட்டியபடியே காசிநாதன் நின்றான். மடக்கவும் தெரியவில்லை, கொடுக்கவும் வழியில்லை. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். யாரோ, “பட்டூருக்குப் பட்டு ஆவாத எம்.எல்.ஏ.வா? நல்லா புடிச்சோம்பா!” என்றார்கள். அந்தச் சிரிப்பு அவன் முதுகில் சூடு போட்டது மாதிரி விழுந்தது.

வீட்டுக்கு வந்து அங்கவஸ்திரத்தைப் பெட்டிக்குள் எறிந்தான். அப்புறம்தான் வாசலில் நின்று காலை ஒடிக்கிற பேச்சு. லோகாம்பாள் உள்ளேயிருந்து, “ஒடிக்கிறவன் அங்கியே ஒடிச்சிருக்கணும். அங்க மரமாட்டம் நின்னுட்டு இங்க வந்து இன்னா சத்தம்?” என்றாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அன்றிலிருந்து காசிநாதனுக்கு ஒரே ஒரு குறை. தன் கையால் நெய்ததை ஊர் பார்க்க ஒருவர் தள்ளிவிட்டார். பட்டு நெய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு என்ன இருக்கிறது? தெருவில் யாராவது நயினார் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

இரண்டு வருஷம் போயிற்று. அப்போதுதான் பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பீடை வந்து இறங்கியது. போலிச் சரிகை.

அசல் சரிகை என்றால், சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். போலியில் உள்ளே இருப்பது வெறும் பருத்தி நூல், மேலே செப்புத் தகடு. புதுசில் இரண்டும் ஒன்று போலப் பளபளக்கும். ஒரு தண்ணியில் நனைத்தால் கறுத்துப் போகும். கல்யாணச் சேலை கறுத்தால் வாங்கியவன் சும்மா இருப்பானா? மூட்டை மூட்டையாகச் சேலைகள் திரும்பி வந்தன. கலப்படம் செய்தவன் எங்கோ இருந்தான். பழி நெய்தவன் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் நின்றது. எப்போதும் கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கிற தெரு, எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. காசிநாதன் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது.

அவனுக்குச் சரிகை கையில் பட்டால் போதும், கட்டைவிரல் நகம் தானாக ஒரு சுரண்டு சுரண்டும். எல்லா நெசவாளிக்கும் உள்ள பழக்கம்தான்; இவனுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு கல்யாணத்தில் சம்பந்தியம்மாளின் முந்தானையைச் சுரண்டிப் பார்த்து லோகாம்பாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்படிப்பட்டவனிடமே, “நீங்கல்லாம் சேர்ந்துதான் ஏமாத்துறீங்க” என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டான். காசிநாதன் குன்றிப்போனான்.

தெருக்காரர்கள் நயினாரைப் பார்க்கக் கிளம்பினார்கள். இவன் போகவில்லை. “பட்டுன்னா தீட்டுன்னு ஒதுங்கினவருகிட்ட போய் பட்டுக்கு வழி கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?” என்று திண்டாடி நின்றவர்களையும் குத்திவிட்டான்.

மறுநாள் காலையில் சைக்கிள் மணி. நயினாரே வந்துவிட்டார். ஒவ்வொரு வீடாகத் தலையைக் குனிந்து நுழைந்து, தறிக் குழியின் ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நீளவாட்டில் ஓடுகிற பாவு எது, குறுக்கே போகிற ஊடை எது, சரிகை எங்கேயிருந்து வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். காசிநாதன் வாசலிலும் நின்றார். காலை ஒடிப்பேன் என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தறியின் மேல் படிந்த தூசியைத் துடைத்தான். லோகாம்பாள்தான், “வாங்க ஐயா” என்று கூப்பிட்டுச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நயினார் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். சொம்பின் வாயில் கட்டி, தண்ணீரை டம்ளரில் வடிகட்டினார். அவ்வளவுதான், காசிநாதனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“எங்க வூட்டுத் தண்ணி அவ்ளோ அழுக்கா?”

“அழுக்குக்கு இல்லபா. அதுல கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கும். என் வூட்டுத் தண்ணியும் இப்படித்தான்.”

“ஓ... தண்ணியில இருக்கிற பூச்சிக்கும் அழுவுறவரு. பட்டுப்புழுவுக்கும் அதான் விரதமா?”

நயினார் மறைக்கவில்லை. “வாலிபத்துல மைசூர் பக்கம் போனேன். கூட்டை உசுரோட கொதிக்கிற தண்ணியில போட்டாங்க. பார்த்துட்டேன். ஊருக்கு வந்ததும் கோயில்ல நின்னு, இனிமே பட்டு உடுத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டது என் தப்பு.”

“அப்ப எங்களுக்கு எதுக்குப் பேசணும்? தறி நின்னா புழுவுக்கு நல்லதுதானே?”

குதர்க்கமான கேள்விதான். லோகாம்பாள் புருஷனை முறைத்தாள். ஆனால் நயினார் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“விரதம் நான் எடுத்துக்கினது. ஓட்டு நீங்க போட்டது. என் விரதத்துக்கு நான் பட்டினி கெடக்கலாம், உன் புள்ளைங்க எதுக்குக் கெடக்கணும்?”

காசிநாதன் தூசித் துணியைத் தறியின் மேல் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். போகும்போது நயினார் அவனைப் பார்த்து, “மெட்ராஸுக்கு என்னோட வர்றியா? அசல் ஒரு இழை, போலி ஒரு இழை எடுத்துக்கினு வா” என்றார்.

சட்டசபை எப்படி இருக்கும் என்று காசிநாதன் கண்டானா, கேட்டானா? பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, கோட்டையின் பெரிய பெரிய தூண்களையும் மெத்தை நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான். நயினாரின் கேள்வி வரவே இல்லை. எதெதற்கோ பேசினார்கள், எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. காசிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. நயினார் சமணர் வழக்கப்படி பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவிடாத மனிதர். காலையில் வந்த அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் கேரியர் காசிநாதனின் காலடியில் அப்படியே இருந்தது. எழுந்து வெளியே வந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்? மனிதர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, மங்கிக்கொண்டு வந்தது. காசிநாதன் ஜன்னலைப் பார்ப்பான், நயினாரைப் பார்ப்பான்.

விளக்குப் போட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள். நயினார் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு இழைகளை எடுத்தார்.

“அவையில் பொருள்களைக் காட்டக் கூடாது” என்றார் சபாநாயகர்.

“பொருள் இல்லீங்க, இழை. ஊதினா பறந்துடும்” என்றார் நயினார். சபையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓர் இழையை நகத்தால் சுரண்டினார். “இதுக்குள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறது. இது அசல்.” இன்னொன்றைச் சுரண்டினார். “இதுக்குள்ளே வெள்ளைப் பருத்தி. இது போலி. இந்தப் போலியால் என் ஊரில் அடுப்பு எரியவில்லை.” பிறந்ததிலிருந்து தறியில் கிடந்தவன் சுரண்டுகிற அதே லாவகம். எப்போது பழகினார் இதை என்று காசிநாதன் மலைத்துப்போனான்.

ஒரு மந்திரி எழுந்து, “உறுப்பினர் பட்டே கட்டமாட்டார் என்று கேள்வி. கட்டாத பட்டுக்கு இவ்வளவு கரிசனமா?” என்று கிண்டலாகக் கேட்டார்.

“கட்டமாட்டேன். அதனால் இதில் எனக்கு ஒரு முழம் துணி கூட லாபமில்லை என்று மந்திரிக்கே தெரிந்துவிட்டது. இனி நான் சொல்வதை நம்புவதற்கு என்ன தடை?” என்றார் நயினார்.

மேசைகளைத் தட்டினார்கள், எதிர்க்கட்சி ஆளும் கட்சி என்று பார்க்காமல். காசிநாதனும் தன்னை மறந்து கையைத் தூக்கிவிட்டான். பக்கத்திலிருந்த காவலர் முறைத்ததும் தொடையில் வைத்துக்கொண்டான். அடேயப்பா, இந்த மனுஷனையா நான் வாசலில் நின்று வைதேன் என்று நினைத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நயினார் கேரியரை அவன் மடியில் வைத்தார். “நீ சாப்பிடுபா. கெட்டுப்போயிடும்.” இவன் மாட்டேன் என்றான். “சோத்தை வீணாக்கினா அது இன்னும் பாவம்” என்றார். அவர் பசியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்க, அவருடைய சாப்பாட்டை இவன் சாப்பிட்டான். தொண்டையில் இறங்கவே இல்லை என்று பின்னால் லோகாம்பாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

ஒரு பேச்சில் எல்லாம் நடந்துவிடுமா என்ன? நயினார் அதற்கப்புறம் எத்தனை தரம் கோட்டைக்கு நடந்தார், எத்தனை அறை வாசலில் காத்துக் கிடந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கடைசியில், சோதித்துப் பார்த்த சரிகையைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமே நெசவாளிக்குக் கொடுப்பது என்று உத்தரவு வந்தது. நின்ற தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. தெருவில் மறுபடியும் சத்தம் கேட்ட அன்றைக்கு லோகாம்பாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். எழுபத்தொன்றில் மறுபடியும் நயினாரே ஜெயித்தார். ஒன்பது வருஷம் போல எம்.எல்.ஏ.வாக இருந்தும் அதே சைக்கிள், அதே வெள்ளைத் துணி, அதே வரப்பு. ஆனால் எழுபத்தேழில் காற்று வேறு பக்கம் அடித்தது. நல்லவர் கெட்டவர் பார்க்காத காற்று. நயினார் தோற்றார்.

மறுநாள் அவர் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து, “இத்தினி நாளு வச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றிபா” என்று சொல்லிவிட்டுப் போனார். காசிநாதனால் தாங்க முடியவில்லை. தெருவைக் கூட்டினான்.

“அவருக்கு விழா எடுக்கணும். இந்தத் தடவ அவரு தோளுல என் கையால நெய்ஞ்சது இருக்கணும். இல்லாட்டி நான் செத்தாலும் என் கட்டை வேவாது.”

“மறுபடியும் பட்டா?” என்றாள் லோகாம்பாள்.

“அடிப்போடி. பருத்தி!”

பட்டைத் தவிர வேறு நூலைத் தொடாத தறியில் பருத்திப் பாவு ஏறியது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பருத்தி நூல் அவன் கைக்கு அடங்கவில்லை, அறுந்தது, பிசிறியது. பொறுமையாக முடிச்சுப் போட்டான். பொறுமை என்ற சொல்லுக்கும் அவனுக்கும் அதுவரை பேச்சுவார்த்தையே கிடையாது. பால் வெள்ளையில் உடல். இருக்கிறதிலேயே நல்ல சரிகையாகப் பொறுக்கியெடுத்து, கையகலக் கரை. “சரிகை எதுக்குயா, எளிமையான மனுஷரு” என்றாள் லோகாம்பாள், கோர்வையைக் கோத்துக்கொண்டே.

“சரிகை இல்லாட்டி அது அங்கவஸ்திரமாடி? வெறும் துண்டு” என்றான் காசிநாதன்.

பொழுது சாய்வதற்குள் நயினார் சாப்பிட வேண்டும் என்பதற்காக விழாவை வெயில் இருக்கும்போதே வைத்தார்கள். அதே தெருமுனை, அதே இடத்தில் மேடை. தோற்றவரைப் பார்க்க யார் வருவார்கள் என்று நினைத்தால், தறியை நிறுத்திவிட்டு அத்தனை தெருவும் வந்து நின்றது. நயினார் கூச்சத்தோடு மேடை ஏறினார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

காசிநாதன் அங்கவஸ்திரத்தை விரித்தான். “பருத்திங்க ஐயா. முழுக்கப் பருத்தி” என்று மைக்கில் சொன்னான். நயினார் கரையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளைக் கூப்பி, அவன் எட்டும்படி தலையைத் தாழ்த்தினார்.

காசிநாதன் இரண்டு கையையும் நீட்டினான். சரிகைக் கரை விரலில் பட்டது. பாழாய்ப்போன பழக்கம், கட்டைவிரல் நகம் தானாக ஒரு சுரண்டு சுரண்டியது. வெயிலில் சிவப்பாக ஓர் இழை தெரிந்தது.

பட்டு.

நெசவாளிக்குப் பட்டு வேறு, சரிகை வேறு. இரண்டையும் வெவ்வேறு கடையில் வாங்குகிறவனுக்கு, சரிகைக்குள் பட்டு இருப்பது தெரிந்தும் நினைவில் இருக்காது. அசலாகப் பொறுக்கியெடுத்தான் பாருங்கள், அதுதான் வினை. காசிநாதனுக்குக் கண் இருட்டியது. அடுத்த கணம் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. இவருக்கு இது தெரியுமே! சபை நடுவில் நின்று, சுரண்டி, ‘இதுக்குள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறது’ என்று சொன்னவர் இவர்தானே! இந்தக் கண்ணால் பார்த்தேனே! தெரிந்துகொண்டேதான் தலையைக் குனிந்து நிற்கிறாரா?

கையை இழுத்துக்கொண்டான். ஓர் அடி பின்னால் போனான்.

கூட்டம் ஓவென்று எழுந்தது. “பழி வாங்கறான்பா!” “தோத்தவரைக் கூப்பிட்டு அவமானமா பண்றே?” முன் வரிசையில் லோகாம்பாள் எழுந்து, “யோவ், இன்னாயா பண்றே!” என்று அலறினாள். காசிநாதன் காதில் எதுவும் ஏறவில்லை. நயினாரின் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னான்.

“சரிகைக்குள்ள பட்டு இருக்குது ஐயா.”

“தெரியும்பா.”

“தெரிஞ்சுமா குனிஞ்சீங்க? உங்க விரதம்?”

“ஒரு தடவ உன்னைக் கையை நீட்டிக்கினே நிக்க வச்சிட்டேன். இன்னொரு தடவ நிக்க வைக்க எனக்கு மனசு வரல” என்றார் நயினார். “போடுபா. அதை நான் பார்த்துக்கறேன்.”

காசிநாதன் அந்த மனிதரை அண்ணாந்து பார்த்தான். இவன் உயரம்தான் அவரும். ஆனாலும் அன்றைக்கு அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. கோயில் கருவறை முன்னால் கூட அவன் அப்படி நின்றதில்லை. அங்கவஸ்திரத்தை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். தன் தோளில் கிடந்த பருத்தித் துண்டை எடுத்தான். தறியில் உட்கார்ந்து வேர்வை துடைக்கிற துண்டு, அவசரத்தில் அப்படியே போட்டுக்கொண்டு வந்தது. ஓர் உதறு உதறி, நயினாரின் தோளில் போர்த்தினான்.

“ஐயா விரதத்தை நான் உடைக்க இருந்தேன்பா!” என்று மைக்கில் கத்தினான். அதற்குமேல் பேச்சு வரவில்லை. விக்கி விக்கி அழுதான். சரிகை என்றும் பட்டு என்றும் அவன் உளறியதில் நெசவாளிகளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் தட்டினார்கள் பாருங்கள் கையை, கோயில் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. நயினார் அந்தத் துண்டின் இரண்டு முனையையும் பிடித்து, கழுத்தோடு சேர்த்து இழுத்து விட்டுக்கொண்டார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. வெயில் இருக்கும்போதே லோகாம்பாள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் இலை போட்டாள். தண்ணீரை அவளே துணி கட்டி வடித்துக் கொடுத்தாள்.

துண்டோடுதான் அவர் சைக்கிள் ஏறினார். தெருமுனை வரைக்கும் வழியனுப்பிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் திரும்பி நடந்தார்கள்.

“ரெண்டு தடவ நெய்ஞ்சே, ரெண்டும் பொட்டிக்கே வந்துடுச்சு. நல்ல நெசவுக்காரன்யா நீ” என்றாள் லோகாம்பாள்.

“வரட்டும்டி. அவரு தோளுல என் துண்டு போவுது பாரு” என்றான் காசிநாதன். வெறும் தோளோடு தெரு நடுவே நடந்தான்.